ரிலீவர் வரவில்லை

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. தொண்டை அடைத்துக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எதிரில் இருப்பவர்கள் "அழாதம்மா" என்று சொல்லிவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் அழவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே வந்து கண்ணைத் துடைத்துவிட முடியாது.

கோபம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. தெற்கே ஒரு தீவில் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தீவின் பேரைச் சொன்னால் அந்த வேனில் யார் யார் போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தீவு என்றே இருக்கட்டும்.

என் மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை செய்கிறான். வண்டிகளுக்கு வேண்டிய ஏதோ ஒரு பாகம் செய்கிற கம்பெனி. வருஷத்துக்கு ஒருமுறை மிஷின்களையெல்லாம் நிறுத்திக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பேர். அந்த வாரம் லைன் ஆட்களுக்கு லீவு. சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் குடும்பத்தோடு எங்காவது போய் வருவார்கள்.

லைன் என்றால் என்ன என்று மகன்தான் எனக்குச் சொன்னான். சாமான் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும், ஆள் நகரக்கூடாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் ரிலீவர் என்று ஒரு ஆள் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். ரிலீவர் வராவிட்டால் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்குகிறது. அதை இழுத்தால் லைன் மொத்தமும் நின்றுவிடும்.

"நீ இழுத்திருக்கியாடா?" என்று கேட்டேன்.

"இழுத்தா மொத்த ஷிஃப்டும் என்னத்தாம்மா மொறைக்கும். அடக்கிகினு நிப்பேன்" என்றான்.

அன்றைக்கு அவனுக்காக வயிறு எரிந்தது. நானும் பல வருஷம் வேறொரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினவள். எங்களுக்கு ரிலீவரும் இல்லை, கயிறும் இல்லை. கஷ்டம் தெரிந்தவன் என்று அவனைப் பற்றி நினைத்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர், அவருடைய தம்பிகள், ஓரகத்தி எல்லாரும் ஏறினார்கள். "வயித்துல புள்ளய வெச்சிகினு நீ எங்க ஏறுவ, பையப் பாத்துகினு உக்காரு" என்றார் மாமியார். உட்கார்ந்தேன். பிறகு ரொம்ப வருஷம் கழித்து, மகன் வேலைக்குப் போன பிறகு, மெட்ராஸ் பீச்சில் இருக்கிற விளக்கத்துக்குப் போனோம். அதில் லிஃப்ட் இருக்கிறது. வயிற்றில் பிள்ளையும் இல்லை, ஏறப் படியும் இல்லை. ஆனாலும் பைகள் இருந்தன. உட்கார்ந்தேன்.

கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்று தெரியும், மேலே போனவர்களுக்கு அது தெரியாது. இறங்கி வருகிறவர்கள் முகம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தலைமுடி கலைந்திருக்கும், கண் கொஞ்சம் இடுங்கியிருக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச வந்து பேசாமல் சிரிப்பார்கள். "இன்னா இருந்துச்சி மேல?" என்று கேட்டால் "கடல்தான்" என்பார்கள். கடல்தான் என்றால் எதற்கு அந்தச் சிரிப்பு? நான் ஏற ஆசைப்பட்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கம்பெனி ஷெட்டுகளின் தகரக் கூரைதான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். நான் பார்த்த உயரம் அவ்வளவுதான்.

போன வருஷ ஷட்டவுனில் தீவுக்குப் போவதாகச் சொன்னபோது, அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது, ஏற விடுகிறார்கள் என்று மருமகள் போனில் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை ஏறிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

பாலம் தாண்டித் தீவுக்குள் போனபோது மதியம் சாய்ந்துவிட்டது. விளக்கம் வெள்ளையாக, நெடுநெடுவென்று, நான் நினைத்ததைவிடப் பருமனாக நின்றது. வேனில் வந்தவர்களுக்கெல்லாம் தலைவர், என் மகனுடைய டீம் லீடர்தான். என் மகனைவிட வயசில் சின்னவர். லீவிலும் அவருக்கு லைன் நினைப்புதான்.

"அல்லாரும் கேளுங்க! மேல எடம் கம்மி. ஒரே டைம்ல வுட மாட்டாங்க. ரெண்டு பேட்ச். மொத பேட்ச் எறங்குனதும் ரெண்டாவது பேட்ச். பையி, செருப்பு, தண்ணி பாட்டிலு எதுவும் மேல நாட் அலவுட். கீழ யார்னா ஒருத்தர் இருக்கணும்."

யாரும் என் பேரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அத்தைக்கு முட்டி வலி. அவங்க எப்டியும் ஏற மாட்டாங்க" என்றாள் மருமகள்.

முட்டி வலி உண்மைதான். அந்த முட்டியோடுதான் தினமும் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். வாளியில் இருப்பது பாதி அவளுடைய துணி. அப்போதெல்லாம் அந்த முட்டி யார் கண்ணிலும் படுவதில்லை.

"நானும் ஏறணும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மகன் காதில் மட்டும் விழுந்தது.

"சரிம்மா, ரெண்டாவது பேட்ச்ல வா. மொத பேட்ச் எறங்கி வந்து உன்ன ரிலீவ் பண்ணும்" என்று சொல்லி என் கையில் ஒரு டிக்கெட்டையும் கொடுத்தான். ரிலீவ் என்ற வார்த்தையை அவன் வாயால் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மற்றதில் எப்படியோ, அதில் அவன் விளையாட மாட்டான்.

பூவரச மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். சுற்றிலும் பைகள், செருப்புகள், பாட்டில்கள், யாரோ வாங்கிய பெரிய சங்கு. எதிரே ஒரு போர்டு. வேறு வேலை இல்லாததால் அதை எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். முன்காலத்தில் இந்தப் பக்கம் பாறையில் மோதிக் கப்பல்கள் உடைந்தனவாம். அதனால் விளக்கு வைத்தார்களாம். முதலில் எண்ணெய் விளக்கு, அப்புறம் கரண்டு. கட்டச் சொன்ன துரை பேர் இருந்தது, கட்டிக் கொடுத்த துரை பேர் இருந்தது. விளக்கு ஏற்றுகிறவர் குடும்பத்தோடு இங்கேயே குடியிருந்தார் என்று ஒரு வரி. குடும்பம் என்ன செய்தது என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். அவர் மேலே விளக்கேற்றப் போயிருப்பார், அந்தம்மா கீழே எண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில், அதுவரை கரையோரம் சுற்றிக்கொண்டிருந்த ரெண்டாவது பேட்ச் வந்தது. மருமகள் அதில்தான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"மொத பேட்ச் எறங்கிகினே இருக்காங்களாம், இப்பதான் ஃபோன் வந்துச்சி. நாங்க போய்கினே இருக்கோம், நீங்க பின்னாலயே வந்துடுங்க அத்தே" என்று செருப்புகளை என் காலடியில் உதறிவிட்டு ஓடினார்கள்.

இறங்கிக்கொண்டே இருக்கிறவர்கள் இறங்கவே இல்லை. நான் நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி நின்றேன். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் காற்றில் வந்தது. ஒரு நாய் வந்து சங்கை முகர்ந்துவிட்டுப் போனது. வெயில் மஞ்சளானது. டிக்கெட் கிழிக்கிறவர் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார்.

"ஏறலையாம்மா? இன்னுங் கொஞ்ச நேரத்துல மூடிருவோம்லா."

"பை இருக்கு" என்றேன்.

அவர் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். பை இருக்கு! என் கல்லறையில் எழுதுவதற்குச் சரியான வாசகம்.

எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். அதே கலைந்த முடி, அதே சிரிப்பு. டீம் லீடர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆயா, என் பவர் பேங்க் வெச்ச பையி எது?" அவர் பின்னால் கம்பிக் கதவு மூடிக்கொண்டது.

மகன் டிக்கெட்டை என் கையில் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ச்சே, மறந்தே போச்சிம்மா. மேலயே ரெண்டு பேட்சும் ஒண்ணா ஆயிட்டோம். பரவால்ல வுடு, மேல எடுத்த ஃபோட்டோ எல்லாம் காட்றேன்."

பைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். மதில் சுவரைத் திரும்பியதும் வேன் நின்றது. பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. டிரைவர் முன் சீட்டில் காலை நீட்டிப் படுத்து போனில் சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா ஆயா, இத்தினி பையையும் நீயா காவல் காத்துகினு இருந்த? வண்டில போட்டுட்டு போயிருக்கலாமே. நான் எங்கியும் போலயே, இங்கியேதான காத்தாட படுத்துகினு கீறேன்."

"அட, ஆமா இல்ல!" என்றார் டீம் லீடர். எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். மகனும் சிரித்தான்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. ஒருத்திக்கு அவசியம் இருந்து அவள் உட்கார்ந்தால் அது வேறு. அவசியமே இல்லை. வண்டி இருந்தது, பூட்டு இருந்தது, ஆள் இருந்தார். கிழவி ஒருத்தி இருந்தால் பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்கிற பழக்கம் மட்டும்தான் இருந்தது. மகாபலிபுரத்திலும் வண்டி வெளியேதான் நின்றிருக்கும்.

"நாளைக்கு ஏறிட்டுதான் வருவேன்" என்றேன்.

"சரி ஆயா, ஹெலிகாப்டர் சொல்லிடலாம்" என்றார் டீம் லீடர். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் வேனில் ஏறி அடுத்த ஊர் முருகன் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். உச்சிக்கு முன்னால் நடை சாத்திவிடுவார்கள். லாட்ஜ் வாசலில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் என் பையை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்றேன்.

"ஏறும்மா" என்றான் மகன்.

"லைட்டவுஸ் தெறக்கற டைம் போர்டுல எழுதியிருந்துச்சி. தெறந்ததும் ஏறிட்டு வரேன். அப்புறம் போலாம்."

"வெளாடாதம்மா. அதுக்கு இன்னும் எம்மா நேரம் கீது. நடை சாத்திடுவான்."

"நீங்க போங்க. நான் இங்கியே இருக்கேன்."

வேனுக்குள்ளிருந்து குரல்கள் வர ஆரம்பித்தன. "இந்த வயசுல இன்னா அடம்." "முருகன விட லைட்டவுஸ் பெருசா?" "யார்னா புடிச்சி ஏத்துங்கப்பா." மருமகள் முகத்தை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டீம் லீடர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, ஒருத்தருக்காக வண்டி மொத்தமும் நிக்கறது நல்லாவா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "அழாதீங்கம்மா" என்றார். மகன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனான்.

"மானத்த வாங்காதம்மா. அல்லாரும் என் கம்பெனி ஆளுங்க. நாளைக்கு நான் இவுங்க மூஞ்சிலதான முழிக்கணும்."

"லைன்ல உனக்கு ரிலீவர் வரலன்னா இன்னாடா பண்ணணும்?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லு."

"கயித்த இழுக்கணும்."

"இழுத்தா?"

"லைன் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். வேன் பக்கம் போய் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் டிரைவர் என்ஜினை அணைத்தார். அவர் மட்டும்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ ஏறு ஆயா, முருகன் எங்கியும் போவ மாட்டாரு" என்றார். மற்றவர்கள் மரத்தடியில் நின்று முணுமுணுத்தார்கள்.

திறக்கிற நேரத்துக்கு டிரைவர் வேனைக் கலங்கரை விளக்கத்து மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினார். கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். நேற்றுச் சாவிக்கொத்தோடு வந்தவர்தான் இருந்தார். கசங்கிய பழைய டிக்கெட்டை நீட்டினேன். "இது நேத்தைக்குள்ளதுலா" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போங்க. கடைசில இரும்பு ஏணி இருக்கு, பாத்து" என்றார். மகன் பின்னாலேயே வந்தான்.

உள்ளே சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் படி. புறா எச்சமும் பெயிண்டும் கலந்த வாசனை. சுவர் கைக்குச் சில்லென்றிருந்தது. முட்டி வலித்தது, மறைக்கவில்லை. நின்று நின்று ஏறினேன். மகன் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். "சும்மா வாடா" என்றேன். ஏணியில் புடவையை வாரிச் சொருகிக்கொண்டு, கையை ஊன்றி, தவழ்கிற குழந்தை மாதிரி வெளியே வந்தேன்.

காற்று அடித்தது பாருங்கள், அது காற்றே இல்லை, யாரோ இரண்டு கையாலும் தள்ளுகிற மாதிரி. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடல் ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன். கரைப் பக்கம் பச்சை, நடுவில் சாம்பல், அதற்கு அந்தப் பக்கம் கருநீலம், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாத்தி கட்டினாற்போல இருந்தது. போர்டில் எழுதியிருந்த பாறைகள் தண்ணீருக்கு அடியில் மாட்டு முதுகு போலத் தெரிந்தன. தலைக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு. நான் வாயைத் திறந்து ஏதோ சத்தம் போட்டேன், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு கீழே பார்த்தேன். மதில் சுவர், வேன், எறும்பு மாதிரி ஆட்கள். பூவரச மரம். அதன் ஓரத்தில் சிமெண்டு பெஞ்சு.

பெஞ்சு அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"நேத்து நான் உங்களுக்குத் தெரிஞ்சேனா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சம்மா. நல்லா தெரிஞ்ச. நாங்க கைகூட ஆட்டுனோம், நீதான் பாக்கல." அவன் ஆசையாகப் போனை எடுத்துக் காட்டினான். மேலேயிருந்து எடுத்த படம். பைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி, என் நீலப் புடவை. டீம் லீடர் அதை அவர்கள் குரூப்பில் போட்டிருந்தார். கீழே ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நம்ம செக்யூரிட்டி ஆன் டியூட்டி'. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

மறந்துபோனார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறப்பது மனுஷ குணம். ஆனால் இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கையாட்டியிருக்கிறார்கள். படம் பிடித்திருக்கிறார்கள். நான் நிற்பதும் உட்காருவதும் மறுபடி நிற்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்காவது, அந்தப் பொம்பளை ஏன் நிற்கிறாள் என்று தோன்றவில்லை.

கீழேயிருந்து போன் வந்தது. "வந்துட்டோம் சார், வந்துட்டோம்" என்றான் மகன். "வாம்மா, பாத்துட்ட இல்ல? அல்லாரும் வெயிட் பண்றாங்க."

"நீ போ. நான் வரேன்."

"எப்ப?"

"பாத்து முடிச்சதும்."

அவன் போனான். நான் அந்த வட்டத்தைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு பக்கமும் நின்று பார்த்தேன். கால் போதும் என்று சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் ஊர் தண்டலம் வரும்வரைக்கும் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. நடுவில் ஒரு கடையில் எல்லாருக்கும் டீ வந்தது, எனக்கு டிரைவர்தான் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சாமி பார்க்க வந்தவர்கள். ஆனால் அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று யாராவது நினைத்தால், இல்லை.

இந்த வருஷம் ஷட்டவுன் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. "உனக்கு முட்டி வலிம்மா" என்று மகன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான். மலைமேல் கோட்டை இருக்கிற ஏதோ ஊருக்குப் போய் வந்தார்கள். வந்த மறுநாள் மருமகள் அழுக்குத் துணியை வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"கோட்டைக்கு அல்லாரும் ஏறுனாங்க. என்ன கீழ உக்கார வெச்சிட்டாங்க அத்தே."

"வண்டி?"

"வண்டி பக்கத்துலதான் இருந்துச்சி."

"நீ கேக்கலியா?"

"எப்டி கேக்கறது? எல்லாரும் என்னயே பாக்கறாங்க." துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். "நீங்க வந்திருந்தா நான் ஏறியிருப்பேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்குப் பதில் வேறொருத்தி உட்கார வேண்டும் என்றா நான் வேனை நிறுத்தினேன்? கேன்டீன் அண்டா மாதிரி உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் அன்றைக்குத் தொண்டை அடைக்கவில்லை. பேச்சு வந்தது.

"அடுத்த ஷட்டவுனுக்கு உன் புருஷன உக்கார சொல்லு" என்றேன்.

துணி பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவரா?" என்றாள், நிஜமாகவே புரியாமல். "அவரு எப்டி அத்தே பையப் பாத்துகினு உக்காருவாரு?"